1911 'பன்றி ரூபாய்', தரச்சான்று உள்ளது: விலை நியாயமா? இன்று இரவுக்குள் பதில் சொல்ல வேண்டும்

சிறுவாணி (மாலை 5.12)
அனைவருக்கும் வணக்கம். ஐந்தாம் ஜார்ஜ் 1911 வெள்ளி ரூபாய், 'பன்றி ரூபாய்' என்பார்களே, அது ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. தரச்சான்று பெற்று, பிளாஸ்டிக் பெட்டியில் முத்திரையிட்டது. புத்தம் புதிதாக மின்னுகிறது. வேறொருவரும் கேட்டிருக்கிறாராம், இரவு ஒன்பது மணிக்குள் பதில் வேண்டும் என்கிறார் விற்பவர். அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்குக் கொடுக்க ஆசை. கேட்கும் விலை நியாயமா, குறைத்துக் கேட்கலாமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

மலைக்கோட்டை (5.20)
எவ்வளவு கேட்கிறார்? அதை எழுதவே இல்லையே.

உருப்பெருக்கி (5.24)
விலையோடு இவையும் வேண்டும். சான்று கொடுத்தது எந்த அமெரிக்க நிறுவனம், பிசிஜிஎஸ்ஸா என்ஜிசியா? தர எண் என்ன? எழுபதுக்கான அளவுகோலில் புழங்காத காசுக்கு எம்எஸ் என்று போடுவார்கள்; எம்எஸ் 61 என்பதும் எம்எஸ் 64 என்பதும் படிக்க ஒன்றுபோல இருக்கும். விலையில் பெரிய இடைவெளி. பின்பக்கம் அடியில் தாமரைப் பூவுக்குக் கீழே சிறு புள்ளி இருக்கிறதா? இருந்தால் பம்பாய் அச்சுச்சாலை, இல்லாவிட்டால் கல்கத்தா. இரு பக்கமும் படம் போடுங்கள். பெட்டிக்குள் உள்ள தரச் சீட்டும் படத்தில் தெரியட்டும்.

தராசுத்தட்டு (5.31)
நான் எப்போதும் சொல்வதுதான்: முதலில் வெள்ளியைக் கணக்கிடுங்கள். எடை 11.66 கிராம், அதில் 91.7 விழுக்காடு வெள்ளி. ஆக 10.69 கிராம் சுத்த வெள்ளி. இன்றைய வெள்ளி விலையால் பெருக்கி, அதற்கு மேல் எத்தனை மடங்கு தருகிறோம் என்று பாருங்கள். அந்த மடங்கு மனதை உறுத்தினால் வாங்க வேண்டாம்.

வைகைக்கரை (5.36)
இந்தக் காசுக்கு வெள்ளிக் கணக்கு எப்படிப் பொருந்தும்? மன்னரின் அங்கியில் தொங்கும் பதக்கத்து யானை, தும்பிக்கை குட்டையாக அமைந்து பன்றிபோலத் தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பியது, வெளியீட்டை நிறுத்தினார்கள், 1912-இல் யானையைத் திருத்தினார்கள். இரண்டு அச்சுச்சாலைகளிலும் அச்சிட்டது சுமார் 94 லட்சம், வெளியே வந்தது சுமார் 7 லட்சம்தான், மீதியை உருக்கிவிட்டார்கள். இதை நல்ல நிலையில் கண்டால் விடக் கூடாது. விலை ஏறுமே தவிர இறங்காது.

சிறுவாணி (5.49)
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். 38,000 கேட்கிறார். பிசிஜிஎஸ். தரம் யூஎன்சி, அதாவது புழங்காதது. புள்ளி இருக்கிறதா என்று தெரியவில்லை. படம் கேட்டிருக்கிறேன்.

பழங்காசு (5.58)
தம்பி, யூஎன்சி என்பது ஒரு தரம் ஆகாது. புழங்காத காசுக்கு 60 முதல் 70 வரை எண் உண்டு. எண்ணைக் கேட்காமல் விலை கேட்பது, எத்தனை சென்ட் என்று தெரியாமல் மனைக்கு விலை பேசுவதுபோல. இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்தத் துறையில் இருக்கிறேன், இதே கேள்வியை மாதத்துக்கு ஒருவர் கேட்கிறார். புதியவர்களுக்கான குறிப்பில் எல்லாம் எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு வந்தால் எங்கள் நேரமும் மிச்சம், உங்கள் பணமும் மிச்சம்.

வைகைக்கரை அவர்களுக்கும் ஒன்று. 7 லட்சம் என்பது அரிய எண்ணிக்கை அல்ல. பேச்சுக்கு உள்ளான காசு என்பதாலேயே பலர் எடுத்து வைத்துக்கொண்டார்கள். எந்த நாணயக் கண்காட்சியிலும் நான்கைந்து மேசைகளில் இது கிடைக்கும். புகழ் வேறு, அருமை வேறு.

மலைக்கோட்டை (6.07)
பழங்காசு ஐயா, அவர் ஒன்பது மணிக்குள் முடிவெடுக்க வேண்டும். குறிப்பைப் பிறகு படிக்கட்டும்.

சிறுவாணி, பெட்டியே போலியாகவும் வருகிறது. சீட்டில் உள்ள சான்று எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். காசின் ஆண்டும் தரமும் ஒத்துப்போக வேண்டும். அங்கே படம் இருந்தால் இந்தக் காசேதானா என்று கீறலுக்குக் கீறல் ஒப்பிடுங்கள்.

சிறுவாணி (6.41)
படம் இணைத்திருக்கிறேன். சான்று எண் ஒத்துப்போகிறது. 'யூஎன்சி டீட்டெய்ல்' என்று போட்டிருக்கிறது, எண் எதுவும் இல்லை. எல்லா விவரமும் சரிபார்த்த காசு என்று விற்பவர் விளக்கினார்.

உருப்பெருக்கி (6.50)
நிறுத்துங்கள். அந்தச் சொல்லுக்குப் பொருள் அதுவல்ல. காசு அசல்தான், தேய்மானமும் இல்லை, ஆனால் மேற்பரப்பில் குறை இருப்பதால் எண் கொடுக்க மறுத்துவிட்டோம் என்று பொருள். அதே சீட்டின் அடுத்த வரியைப் பாருங்கள், 'கிளீன்ட்' என்று இருக்கிறது. யாரோ தேய்த்துச் சுத்தம் செய்திருக்கிறார்கள்.

படத்தைப் பெரிதாக்கினால் மன்னரின் கன்னத்துக்கு முன்னால் உள்ள வெற்றிடத்தில் மெல்லிய கோடுகள், எல்லாம் ஒரே திசையில். துணியாலோ பஞ்சாலோ தேய்த்த தடம் அது. அச்சிலிருந்து வந்தபடியே இருக்கும் காசை விளக்கின் கீழ் மெதுவாகச் சாய்த்தால், ஒளி சக்கரத்தின் ஆரம்போலச் சுழன்று ஓடும். இந்தக் காசில் ஒளி ஓடாது. முழுப் பரப்பும் ஒரே சீராக வெளுத்துப் பளிச்சிடும். அந்தப் பளிச்சைத்தான் நீங்கள் புதுமை என்று எண்ணியிருக்கிறீர்கள். நூறு ஆண்டைத் தாண்டிய வெள்ளி இப்படி வெள்ளைவெளேரென்று இருந்தாலே கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும்.

சிறுவாணி (6.54)
அப்படியானால் 38,000?

உருப்பெருக்கி (7.03)
எண் வாங்கிய காசின் விலையை இதற்குக் கேட்கிறார் என்று நினைக்கிறேன். நானாக இருந்தால் சுத்தம் செய்த காசுக்கு, புழங்கிச் சற்றே தேய்ந்த காசுக்கான எக்ஸ்எஃப் தரத்தின் விலைக்கு மேல் ஒரு ரூபாயும் தரமாட்டேன். அந்த விலையைத் தெரிந்துகொள்ள, கடைக்காரர்கள் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். ஏலத்தில் விற்று முடிந்த விலையைப் பாருங்கள். டோடிவாலா, மருதர் ஆர்ட்ஸ் ஆகிய ஏல நிறுவனங்களின் பழைய முடிவுகள் கிடைக்கும். அதே ஆண்டு, அதே அச்சுச்சாலை, அதே தரம் என்று நான்கைந்து எடுங்கள், மிக உயர்ந்ததையும் மிகக் குறைந்ததையும் தள்ளுங்கள். ஏலத்துக்கு ஏலம் கமிஷனும் ஜிஎஸ்டியும் சேர்த்தா, சேர்க்காமலா என்பதைக் கவனியுங்கள். அதைக் கவனிக்காததால் நான் ஒருமுறை அதிகம் கொடுத்தேன்.

மலைக்கோட்டை (7.15)
இன்னொரு வழி. பெட்டியில் இல்லாத நல்ல காசு ஒன்றை வாங்கி, நாமே அமெரிக்காவுக்கு அனுப்பித் தரம் போட்டுக்கொள்ளலாமே?

கல்வெட்டுப்பித்தன் (7.22)
கூடாது. தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் 1972-இன்படி நூறு ஆண்டுக்குக் குறையாத நாணயம் தொல்பொருள். தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. 1911 காசு அந்த வரம்பை எப்போதோ தாண்டிவிட்டது.

தராசுத்தட்டு (7.26)
லட்சக்கணக்கில் அச்சிட்ட ரூபாய் தொல்பொருளா? கோயில் சிலைக்கும் இதற்கும் ஒரே சட்டமா? அப்படியானால் பெட்டியில் இத்தனை காசுகள் எப்படி வந்தன?

கல்வெட்டுப்பித்தன் (7.34)
சட்டத்தின் வரையறையில் நாணயம் என்றே எழுதியிருக்கிறது; அதிகம் கிடைப்பதா அரியதா என்று அது பிரிக்கவில்லை. நூறு ஆண்டு நிரம்புவதற்கு முன்பே அனுப்பித் தரம் வாங்கியவை உண்டு. வெளிநாட்டிலேயே இருந்து, அங்கே தரம் பெற்று இங்கே வந்தவையும் உண்டு.

தராசுத்தட்டு (7.39)
எல்லாமே அப்படியா? எனக்கு நம்பிக்கை இல்லை.

பழங்காசு (7.45)
இந்த விவாதத்துக்குத் தனி இழை தொடங்குங்கள். தம்பி கேட்டது விலை.

வைகைக்கரை (7.52)
பழங்காசு ஐயாவும் உருப்பெருக்கியும் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், சுத்தம் செய்த இந்தக் காசை விடாமல் வாங்கச் சொன்னது என் தவறு. ஆனால் அப்பாவுக்குப் பரிசு என்கிறார். அவருக்கு வேண்டியது முதலீடா, கதையுள்ள ஒரு காசா? கதை மட்டும் போதும் என்றால் தேய்ந்த காசிலும் அந்த யானை தெரியும்.

கல்வெட்டுப்பித்தன் (8.10)
தராசுத்தட்டு, சட்டத்தின் இரண்டாம் பிரிவைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

உருப்பெருக்கி (9.20)
சிறுவாணி, என்ன ஆயிற்று?

சிறுவாணி (ஒன்பது நாள் கழித்து, காலை 10.05)
தாமதத்துக்கு மன்னிக்கவும். அந்தக் காசை வாங்கவில்லை. 'கிளீன்ட்' என்று இருப்பதைக் கேட்டதும் உடனே 14,000 குறைத்தார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கண்காட்சியில் பெட்டி இல்லாத, தேய்ந்த ஒன்றை வாங்கினேன். அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணுக்கு மிக அருகில் வைத்து யானையைத் தேடினார். உருப்பெருக்கி அவர்களுக்கு நன்றி.

தராசுத்தட்டு (10.18)
பெட்டி இல்லாதது என்றால் எடை போட்டுப் பார்த்தீர்களா? தேய்ந்த காசு 11.66-க்குக் கொஞ்சம் கீழே காட்டும், அது இயல்பு. நிறையவே குறைந்தால் அந்த வியாபாரியிடம் திரும்பப் போங்கள்.