கிறிஸ்துமஸ் மதியச் சாப்பாடு: 20 பேருக்கு மேஜை எப்படிப் போட்டு அலங்கரிக்கலாம்?

நாஞ்சில் மருமகள்:
தோழிகளே, இந்த வருஷம் கிறிஸ்துமஸ் சாப்பாடு எங்க வீட்ல. அத்தை வீட்டு ஆளுங்க எல்லாரும் வர்றாங்க, பெரியவங்க 14, பிள்ளைங்க 6. எங்க டைனிங் டேபிள்ல 6 பேர்தான் உக்காரலாம், பாட்டாவுக்கும் பெரியத்தைக்கும் முட்டு வலி, தரையில உக்கார முடியாது. ஆனா ரெண்டு பந்தியா போடாம எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடணும்னு எனக்கு ரொம்ப ஆசை. தோவாளை பூச்சந்தையில மாணிக்கமாலைங்கிற பூமாலை வாங்கி மேஜை நடுவுல நீளமா விரிச்சு, பக்கத்துல மெழுகுவர்த்தி வைக்கலாம்னு இருக்கேன். இலையா தட்டா, அதுவும் சொல்லுங்க.

வடிவு மைனி:
கண்டிப்பா இலைதாம்மா, பச்சை வாழையிலைக்கு மேல என்ன அலங்காரம் வேணும். வாடகைக் கடையில 6 அடி மேஜை 5 எடுத்து வீட்டு முத்தத்துல (முற்றத்துல) 'ப' எழுத்து மாதிரி போடு. அந்த மேஜை அகலம் கம்மி, எதிரெதிரா ரெண்டு இலை கொள்ளாது, அதனால எல்லாரும் வெளிப்பக்கம் உக்காரணும், விளம்புறவங்க உள்பக்கமா நடந்து வரணும், கல்யாணப் பந்தி மாதிரியே. ஒரு ஆளுக்கு 2 அடி இருந்தா முழங்கை இடிக்காது, 14 பேருக்கு 28 அடி, சரியா வந்துரும். பாட்டாவை ஓரத்துல உக்கார வை, எழுந்திரிக்க சுலபம். பிள்ளைங்களுக்கு ப நடுவுல பாய். உன் டைனிங் டேபிள்ல பிரியாணி, சால்னா பாத்திரத்தை வச்சுக்கோ. டிசம்பர்ல நம்ம ஊர்ல மழை எப்ப வரும்னு சொல்ல முடியாது, மேல ஷீட் போடச் சொல்லிரு.

பூக்காரி மகள்:
அக்கா ஒரு முக்கியமான விஷயம், மாணிக்கமாலையை சாப்பாட்டு மேஜையில தயவுசெஞ்சு வைக்காதீங்க. அது அரளிப்பூவும் நொச்சி இலையும் வச்சு பாய் மாதிரி தட்டையா கட்டுறது. அவ்வளவு அழகு, 2025ல புவிசார் குறியீடே கிடைச்சிருக்கு, எங்க ஊருக்குப் பெருமை. ஆனா அரளியில பூ, இலை, பால் எல்லாமே விஷம், இதயத்தையே பாதிக்கும். சின்னப் பிள்ளைங்க ஒரு பூவைப் பிச்சு வாயில போட்டாலோ, இதழ் உதிர்ந்து சோத்துல விழுந்தாலோ என்ன பண்றது? வாசல் நிலைக்கு மேல பிள்ளைங்களுக்கு எட்டாத உயரத்துல கட்டுங்க, வர்றவங்க முதல்ல பாக்குறதே அதாத்தான் இருக்கும். மேஜைக்கு மஞ்சள் செவ்வந்தி, ரோஜா, கோழிக்கொண்டை போதும், அதையும் இலை பக்கத்துல வேண்டாம், மேஜையோட முன் விளிம்புல சரமாத் தொங்க விடுங்க. பிச்சிப்பூ வேண்டவே வேண்டாம், பிரியாணி வாசனையை அமுக்கிரும்.

ஸ்டெல்லா:
சிஸ், மேஜை விரிப்புக்கு தனியா செலவு பண்ணாதீங்க. வீட்ல இருக்குற வெள்ளை 4 முழ வேட்டி ஒரு மேஜைக்கு அளவா வரும், கரை முன்னாடி தெரியுற மாதிரி இறக்கி விட்டா அவ்வளவு லட்சணமா இருக்கும். அதுக்கு மேல பேப்பர் ரோல் விரிச்சு இலை போடுங்க, சால்னா கறை வேட்டிக்குப் போகாது. இலை போடுற இடத்துல ஈரத்துணியால ஒரு தடவை துடைச்சா இலை ஒட்டிக்கும், காத்துல நுனி தூக்காது. மெழுகுவர்த்தி முத்தத்துல நிக்காது, கண்ணாடிக் கூண்டு இல்லாம வைக்காதீங்க, பிள்ளைங்க கைபடுற இடத்துல கூண்டு இருந்தாலும் வேண்டாம். ஒவ்வொரு இலைத் தலைமாட்டுலயும் வெத்தலை அளவுக்கு ஒரு சிவப்பு அட்டையில உறவுமுறையைச் சொல்லி எழுதி வைங்க, 'பாட்டா', 'பெரியத்தை'னு, பக்கத்துல ரெண்டு முந்திரிக்கொத்துப் பலகாரம். பெரியவங்க அதை எடுத்து எடுத்துப் பாப்பாங்க.

நாஞ்சில் மருமகள்:
அரளி விஷயம் சொன்னதுக்கு ரொம்ப நன்றிம்மா, எங்க கடைக்குட்டிக்கு ரெண்டு வயசுதான், எதைக் கண்டாலும் வாயில வைக்கும். மாலை நிலைக்கு மேலதான். ப வடிவம் எங்க வீட்டுக்காரருக்கும் பிடிச்சுப் போச்சு, இன்னைக்கே வாடகைக் கடையில சொல்லி வைக்கப் போறாரு. மைனி, இலையை முந்தின நாளே வாங்கலாமா?

வடிவு மைனி:
வாங்கலாம், பண்டிகை நேரம் இலை கிடைக்காது, இப்பவே சொல்லி வை. விரிச்சுப் போடாம சுருட்டி, ஈரத்துணி சுத்தி நிழல்ல வை. 20க்கு 25 வாங்கு, நரம்புல கிழிஞ்சது ஒண்ணு ரெண்டு கண்டிப்பா இருக்கும்.