ஒன்பதாம் மாதத்துக் கோடு

தென்னந்தோப்பு எழுதியது:

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஆலோசகராக வேலை பார்த்தவள் நான். கேரளத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை மையத்துக்கு ‘ஜ்யோதிஸ்’ என்றும் மருந்து தரும் மையத்துக்கு ‘உஷஸ்’ என்றும் பெயர். ஒளி, விடியல் என்று பெயர் வைத்தாலும் வருகிறவர்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டுதான் வருவார்கள். தெரிந்தவர் கண்ணில் படாமலிருக்க எங்கள் ஊர்ப் பெண்கள் மாநில எல்லையான வேலந்தாவளம் தாண்டிக் கோயம்புத்தூருக்குப் போவார்கள். பொள்ளாச்சிப் பக்கத்தவர்கள் எங்களிடம் வருவார்கள். எதிரெதிர் பஸ்களில் ஒருவரை ஒருவர் கடந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

அப்படி வந்த ஒரு தலைப்பிள்ளைக்காரி. கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்திலேயே எச்.ஐ.வி. மாத்திரை தொடங்கி, ஒரு வேளை விடாமல் சாப்பிட்டவள். பையன் இரண்டே முக்கால் கிலோ. அவனுக்குத் தொற்றாமல் தடுக்க நெவிரபின் சிரப் தினமும் ஒன்றரை மில்லி, ஆறு வாரம். அளவுக் குழலில் அந்த ஒன்றரைக்கு நேராக நகப்பூச்சால் சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தாள். பாதித் தூக்கத்திலும் தப்பாதாம்.

மருந்தில் சிக்கல் வரவில்லை. அவளுடைய அம்மாவால்தான் வந்தது. விஷயம் எதுவும் தெரியாத அந்த அம்மாள் சேனை வைக்க வேண்டும் என்று சர்க்கரைத் தண்ணீரோடு நிற்கிறார். தெருவில் கழுதைப்பால்காரர் வேறு வந்துவிட்டார். ‘ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் தவிர எதுவும் கூடாது’ என்றேன். ‘நான் பெற்ற ஐந்துக்கும் கொடுத்தேன் சாமி, எது கெட்டுப்போனது?’ என்று கேட்டார். மகளின் ரகசியத்தைச் சொல்லாமல் என்ன காரணம் சொல்வது? ‘பிள்ளையின் குடல் தோல் இன்னும் பிஞ்சு’ என்றேன். பொய் இல்லை. வேறு உணவு அந்தக் குடலைப் புண்ணாக்கினால் வைரஸ் நுழைய வழி கிடைத்துவிடும் என்பதுதான் மருத்துவர்கள் சொல்லும் காரணம். தென்னாப்பிரிக்காவிலிருந்து 2007-ல் வெளிவந்த ஆய்வில், தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிட, தாய்ப்பாலோடு திட உணவும் பெற்ற குழந்தைகளுக்குத் தொற்று அபாயம் ஏறத்தாழ 11 மடங்கு இருந்தது.

எனக்கு இன்றும் தீராத வியப்பு ஒன்று உண்டு. மருந்தே இல்லாத காலத்தில் நைரோபியில் நடந்த ஆய்வில், இரண்டு வயதுக்குள் தாய்ப்பால் குடித்தவர்களில் 36.7 சதவீதம் பேருக்கும் புட்டிப்பால் குடித்தவர்களில் 20.5 சதவீதம் பேருக்கும் தொற்று இருந்தது. பாலால் வந்தது நூற்றுக்குப் பதினாறு. மாதக்கணக்கில் வைரஸ் கலந்த பாலைக் குடித்தும் பெரும்பாலான பிள்ளைகள் தப்பியிருக்கிறார்கள். அந்தப் பாலிலேயே தாயின் எதிர்ப்பொருள்களும் கிருமியை முடக்கும் புரதங்களும் கலந்திருக்கின்றன.

ஒன்பதாம் மாதம் பையனுக்குக் காய்ச்சல். உறவினர் ஒருவர் கூட்டிப்போன மருத்துவமனையில் விரைவுச் சோதனை செய்து, ‘இரண்டு கோடு, பாசிட்டிவ்’ என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். என் மேசை முன் உட்கார்ந்து அந்தத் தாளை நான்காய் எட்டாய் மடித்துக்கொண்டே இருந்தாள். எனக்குக் கோபம்தான் வந்தது, அவள்மேல் அல்ல. அந்தச் சோதனை தேடுவது வைரஸை அல்ல, ஆன்டிபாடி எனும் எதிர்ப்பொருளை. கருவில் இருக்கும்போதே நஞ்சுக்கொடி வழியாகத் தாய் கட்டிக்கொடுத்தனுப்பிய கட்டுச்சோறு அது. சில பிள்ளைகளிடம் பதினெட்டு மாதம்வரைகூட மிச்சமிருக்கும். வைரஸ் இருக்கிறதா என்று அறிய, ஆறாம் வாரத்திலேயே குதிகாலில் குத்தி, சொட்டு ரத்தத்தை வடிதாளில் உலர்த்தி பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்பியிருந்தோம். ஆறாம் மாதமும் அனுப்பினோம். இரண்டிலும் வைரஸ் இல்லை. மூன்றாம் முறையும் அனுப்பினோம், இல்லை. பால் நிறுத்திய பிறகு, பதினெட்டாம் மாதம் விரைவுச் சோதனையிலும் ஒரே கோடு, தொற்று இல்லை.

ஏலமலை எழுதியது:

படித்துவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தேன். வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறேன். 2003-ல் என் மூத்தவள் பிறந்தபோது பிரசவ வலியில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள், அவ்வளவுதான். தாய்ப்பால் வேண்டாம், டப்பாப் பால் கொடு என்றார்கள். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் ஒரே குழாய். விறகடுப்பில் தண்ணீர் கொதிக்கவைக்க நேரமிருக்காது. எச்.ஐ.வி. வரவில்லை, வயிற்றுப்போக்குத்தான் மாறி மாறி வந்தது. மார்பில் கட்டிய பாலைத் துணியில் பிழிந்து, யாரும் பார்க்குமுன் அலசிக் காயப்போடுவேன். இளையவன் 2015-ல். அதற்குள் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் ஆயுள் முழுக்க மருந்து என்று ஆகியிருந்தது. அவனுக்கு ஒரு வருடம் பால் கொடுத்தேன். மூத்தவள் கதவோரம் நின்று பார்ப்பாள்.

நுண்ணோக்கி எழுதியது:

ஆய்வுக்கூடத்தில் இருப்பவன் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். கட்டுச்சோறு என்பது சரியான சொல். ஆனால் பிள்ளையும் சும்மா இருப்பதில்லை. தொற்றாமல் தப்பிய சில குழந்தைகளின் ரத்தத்தில்கூட எச்.ஐ.வி.யை அடையாளம் காணும் டி செல்கள் எனும் நோய் எதிர்க்கும் வெள்ளணுக்களைக் கண்டிருக்கிறார்கள். நைரோபியில் பிறக்கும்போது தொற்று இல்லாமலிருந்து நான்கு மாதத்துக்குள் தொற்றிய ஒரு குழந்தையிடம், ஒன்றேகால் வயதிலேயே பல வகை எச்.ஐ.வி.களை முடக்கும் எதிர்ப்பொருள்கள் இருந்ததாக 2016-ல் வெளியிட்டார்கள். பெரியவர்களுக்கு அதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அந்தக் குழந்தைக்கும் தொற்று இருக்கத்தானே செய்தது. சரி, அந்தப் பாட்டி என்ன ஆனார்?

தென்னந்தோப்பு எழுதியது:

நாள்காட்டியில் கிழித்துக் கிழித்து எண்ணியிருக்கிறார். நூற்று எண்பத்தோராம் நாள் காலை ஏழு மணிக்கு மகளின் போனிலிருந்து அழைத்தார். ‘நேற்றோடு ஆறு மாதம் முடிந்தது சாமி. இப்போதாவது நாக்கில் வைக்கட்டுமா?’ வையுங்கள் அம்மா என்றேன். சர்க்கரைத் தண்ணீர் மட்டும், கழுதைப்பால் வேண்டாம். அதற்கும் முணுமுணுத்தார்.