ஆறாம் வகுப்புக்குச் ‘சொல்லும் பொருளும்’ மனப்பாடம் வேண்டுமா, வேண்டாமா?

வைகைக்கரை:
அரசு நடுநிலைப் பள்ளியில் 6 முதல் 8 வரை தமிழ் எடுக்கிறேன். 6-ஆம் வகுப்புப் பாடநூலில் ‘தமிழ்க்கும்மி’ பாட்டுக்குக் கீழே ‘சொல்லும் பொருளும்’ பகுதியில் ‘மேதினி – உலகம், ஊழி – நீண்டதொரு காலப்பகுதி’ என்று பொருள் கொடுத்திருக்கும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். அவர்களையே ஊர்த் திருவிழா பற்றிப் பத்து வரி எழுதச் சொன்னால் தேர் ‘நல்லா இருந்தது’, சாப்பாடு ‘நல்லா இருந்தது’. ஒப்பித்த சொல் ஒன்றுகூட எழுதும்போது வருவதில்லை. ஒப்பிக்க வைப்பதை நிறுத்திவிட்டு, வாரத்துக்கு ஐந்தாறு சொல்லை எடுத்துப் பேசவும் எழுதவும் வைக்கலாம் என்கிறேன்.

பழைய தமிழாசிரியர்:
டீச்சர், திருவிழாக் கட்டுரையில் மேதினியை எந்தப் பிள்ளை எழுதும்? அது செய்யுள் சொல். நாளைக்குக் கம்பனைப் படிக்கும்போது தடுக்கி நிற்காமல் இருக்கத்தான் அது. படித்தால் புரிய வேண்டிய சொல் வேறு, எழுத எடுக்கிற சொல் வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள். திண்ணைப் பள்ளியில் நிகண்டு, அதாவது பாட்டாக அமைந்த பழைய சொற்பொருள் நூல், மனப்பாடம் செய்தவர்கள் என்ன கெட்டுப்போனார்கள்? சூடாமணி நிகண்டு விருத்தப்பாவில் இருக்கிறது. அதன் 11-ஆம் தொகுதியை எதுகை வரிசையிலேயே அமைத்திருக்கிறார் மண்டலபுருடர். ஓசையைப் பிடித்தால் சொல் தானாக வரும். வீட்டில் ஒரு புத்தகம்கூட இல்லாத பிள்ளைக்கு மனப்பாடம்தான் சொத்து. அதையும் பிடுங்கிவிட்டு எதைக் கொடுக்கப் போகிறீர்கள்?

வைகைக்கரை:
ஐயா, நிகண்டு பாட்டு. ஒரு பொருளுக்குள்ள பல பெயர்களையும் ஒரு சொல்லுக்குள்ள பல பொருள்களையும் சேர்த்து வைத்துச் சொல்கிறது. எங்கள் பிள்ளைகள் ஒப்பிப்பது ஒன்றோடொன்று ஒட்டாத பட்டியல்.

அதே வகுப்பில் ‘வளர்தமிழ்’ பாடத்தைப் பாருங்கள். ஆல், அரசுக்கு இலை, அகத்தி, முருங்கைக்குக் கீரை, நெல், வரகுக்குத் தாள், கரும்பு, நாணலுக்குத் தோகை, பனை, தென்னைக்கு ஓலை, கமுகுக்குக் கூந்தல். இதை ஒப்பிக்கச் சொல்லாமல் பிள்ளைகளைப் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் காட்டுக்குக் கூட்டிப்போனேன். ஒரு பையன், “சோளம் காய்ஞ்சா தட்டை டீச்சர், அதைத்தான் மாட்டுக்குப் போடுவோம்” என்றான். அடுத்தவள் பனையோலையில் குருத்தோலை எது, காவோலை எது என்று காட்டினாள். புத்தகப் பட்டியலில் இல்லாத சொற்கள் இவை. அன்று அவர்கள் எழுதிய பத்தியில் ‘நல்லா இருந்தது’ தேடினாலும் இல்லை.

காவிரிப்பாசனம்:
டீச்சர் சொல்வதுதான் சரி. எங்கள் பக்கத்துப் பிள்ளைக்கு மதகு, மடை, வரப்பு, நாற்றங்கால், பதர் எல்லாம் தெரியும். எழுதும்போது கொஞ்சம் பேச்சுவாடை அடித்தால் சிவப்பு மையால் அடித்துவிடுகிறோம். பயந்துபோன பிள்ளை தப்பே வராத நாலு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு எழுதுகிறது. சொல் இல்லாத பிள்ளை என்று அதற்குப் பெயரும் வைத்துவிடுகிறோம்.

அடுக்குமாடி அம்மா:
வயலும் பனையும் இருக்கிற ஊருக்கு இது சரி. என் மகள் சென்னையில் ஆங்கில வழியில் 7-ஆம் வகுப்பு. தமிழ் அவளுக்கு ஒரு பாடம், அவ்வளவுதான். நானும் வேலைக்குப் போகிறவள். ராத்திரி சமையல் முடிந்து அவளோடு உட்கார்ந்தால், அந்த ‘சொல்லும் பொருளும்’ பகுதி ஒன்றைத்தான் என்னால் சொல்லிக்கொடுக்க முடிகிறது. பட்டியலை எடுத்துவிட்டால் எங்கள் வீட்டில் தமிழுக்கு அந்த நேரமும் போய்விடும்.

வேர்ச்சொல்:
அக்கா, அதே நேரத்தில் ‘நட’ என்ற ஒரு சொல்லை எடுங்கள். நடை, நடப்பு, நடத்தை, நடைமுறை என்று பாப்பாவையே அடுக்கச் சொல்லுங்கள். அன்றைய செய்தித்தாளில் இவற்றில் எது வந்திருக்கிறது என்று தேட விடுங்கள். வயல் வேண்டாம்.

அகராதி பார்க்கவும் இது உதவும். ‘நடந்துகொண்டாள்’ என்று அப்படியே தேடினால் எந்த அகராதியிலும் கிடைக்காது. பகுதியைப் பிரித்து ‘நட’வுக்குப் போகத் தெரிய வேண்டும். சொல்லைப் பகுதி, விகுதி என்று பிரித்துக் காட்டும் பகுபத உறுப்பிலக்கணத்துக்கு அன்றாடப் பயன் இதுதான். அதைப் போய் மதிப்பெண் கேள்வியாக மட்டும் நடத்துகிறோமே என்றுதான் எனக்கு வருத்தம்.

பழைய தமிழாசிரியர்:
வேர் பிடித்துப் போவது எனக்கும் பிடிக்கிறது தம்பி. ஆனால் ‘மேதினி’யை எந்த வேரிலிருந்து அந்தப் பிள்ளை கண்டுபிடிக்கும்? வடசொல்லும் பழஞ்செய்யுள் சொல்லும் சொல்லிக்கொடுத்து மனத்தில் நிறுத்த வேண்டியவைதான். டீச்சர், தேர்வில் ‘சொற்றொடரில் அமைத்து எழுதுக’ என்று கேட்கிறார்களே, அதற்கே கைடில் வாக்கியம் அச்சடித்து வருகிறது; பிள்ளைகள் அதையும் ஒப்பிக்கிறார்கள். உங்கள் வழியிலும் மனப்பாடம் புகுந்துவிடும்.

வைகைக்கரை:
புகும், ஐயா. அதனால்தான் ‘சொற்றொடரில் அமை’ என்று மொட்டையாகக் கேட்பதில்லை. ‘நெரிசல்’ என்ற சொல்லை வைத்து நேற்று உங்கள் தெருவில் பார்த்ததை எழுது என்கிறேன். அதற்கு எந்தக் கைடிலும் விடை கிடையாது. செய்யுள் சொற்களைப் பாட்டோடு சேர்த்துப் பாடவைத்தே மனத்தில் நிறுத்துவோம். அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. பாட்டை விட்டுவிட்டுப் பட்டியலை மட்டும் ஒப்பிக்க வைப்பதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.