கரும்புலமா, இருள்புலமா, இருட்புலமா?

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

சாயமேற்றாத உயிரணுக்களையும் நுண்ணுயிர்களையும் இருண்ட பின்னணியில் ஒளிவிடக் காட்டும் நுண்ணோக்கி முறைக்குக் 'கரும்புலம்' என்று பெயரிடலாம் எனத் தாங்கள் எழுதியிருந்தீர்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாலை வகுப்பு நடத்தும் எனக்கு அதில் இரண்டு தயக்கங்கள் உண்டு. முதலாவது சிறியது. பலகையில் இடம் போதாமல் 'கரும்பு' ஒரு வரியிலும் 'லம்' மறுவரியிலும் விழவே, பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன், "டீச்சர், கரும்புத் தோட்டமா?" என்று கேட்டுவிட்டான்.

இரண்டாவது, பொருள் பற்றியது. கருமை என்றால் ஒரு நிறம் ஏறியிருப்பதாகவே மாணவர்கள் கொள்கிறார்கள். இம்முறையிலோ புலத்திற்கு, அதாவது நுண்ணோக்கியில் தெரியும் பரப்புக்கு, நிறமே இல்லை; ஒளி வந்து சேராததால் அது இருண்டிருக்கிறது. ஒளிக்குவிப்பியின் நடுவில் வைக்கும் வட்டத் தடுப்பு நேர்க்கதிர்களை மறைத்துவிட, ஓரமாக வரும் கதிர்கள் உள்ளீடற்ற கூம்பாகச் சாய்ந்து கண்ணாடித் தகட்டைக் கடந்து, பொருளருகு வில்லைக்குள் நுழையாமல் வெளியே போய்விடுகின்றன. வழியில் ஓர் உயிரணு குறுக்கிட்டுச் சிதறடிக்கும் ஒளி மட்டுமே வில்லைக்குள் வருகிறது. தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது: தகரக் கூரையின் ஆணித்துளை வழியே விழும் வெயிலில் தூசி மினுங்குவதைப் பக்கவாட்டிலிருந்துதானே பார்த்தோம்?

ஐந்து சென் காசை வைத்து வட்டம் வரைந்து, கறுப்பு அட்டையை வெட்டி, குவிப்பியின் வடிகட்டித் தட்டில் வைத்துச் செம்பனைத் தோட்டத்து வாய்க்கால் நீரைப் பார்த்தோம். 10 மடங்கு வில்லையில், சாதாரண முறையில் மங்கலாகத் தெரியும் பரமீசியம் என்ற ஓரணு உயிரி வெள்ளி விளிம்போடு சுழன்று ஓடியது. துடைக்க மறந்த தகட்டின் ஒவ்வொரு தூசியும் அதே அளவு பளிச்சிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 40 மடங்கு வில்லைக்கு மாற்றியதும் இருள் கலைந்துவிட்டது. அவ்வில்லை இன்னும் அகன்ற கோணத்தில் ஒளியை வாங்குவதால் சாய்கதிர்களும் உள்ளே புகுந்துவிட்டன. ஆகவே அட்டை பெரிதாக வேண்டும். உயர்ந்த பெருக்கத்திற்குத் தனிக் குவிப்பியே வேண்டும்.

இம்முறை நம் பகுதிக்கு அயலானதன்று. எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா ஏறத்தாழ 0.1 மைக்ரோமீட்டர் பருமனே உடையது. பாக்டீரியாக்களைப் பார்க்க வழக்கமாக ஏற்றும் கிராம் சாயத்தையும் சரியாக ஏற்காது. அதைச் சாதாரண முறையில் தேடுவது வீண்வேலை. இருளில் பார்த்தால், முனை கொக்கிபோல் வளைந்து துடிக்கும் மெல்லிய ஒளியிழையாகத் தெரியும். நோயாளியின் ஊனீரை (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரை) உயிருள்ள லெப்டோஸ்பைராக்களோடு கலந்து, அவை ஒட்டித் திரள்கின்றனவா என்று பார்க்கும் சோதனையையும் இம்முறையில்தான் படிக்கிறார்கள். எலி உலவும் செம்பனைக் காட்டில் வேலை செய்வோரின் பிள்ளைகளுக்கு இதற்கொரு தெளிவான தமிழ்ச்சொல் இல்லாதது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

எனவே 'இருள்புலம்' என்பதையும், வழக்கமான வெளிச்சப் பின்னணி முறைக்கு 'ஒளிர்புலம்' என்பதையும் முன்மொழிகிறேன். இரண்டும் வினைத்தொகை, புணர்ச்சி மாற்றமில்லாததால் மாணவர்கள் பிழையின்றி எழுதுவார்கள்.

அன்புடன்,
ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

கரும்புலத்தைக் கைவிடுகிறேன், கரும்பு என்னையும் சிரிக்க வைத்தது. ஆனால் 'ஒளிர்' இடையூறு செய்யும். தன்மேல் விழுந்த ஒளியை வாங்கி வேறு நிறத்தில் உமிழும் பொருளை 'ஒளிர்கிறது' என்றே அறிவியல் தமிழில் எழுதி வருகிறோம். அதற்கெனத் தனி நுண்ணோக்கியும் உண்டு. ஒளிர்புலம் என்றால் மாணவர் அதையே நினைப்பார். மேலும், வினைத்தொகையாகக் கொண்டால் 'இருள்புலம்' இருண்டுகொண்டு வரும் புலம் என்றும் பொருள்படும். அங்கே புலம் இருண்டே கிடக்கிறது; ஒளிவிடுவது பொருள்தான். பெயர்களையே சேர்த்து 'இருட்புலம்', 'ஒளிப்புலம்' என்றால் என்ன? அருட்பா, பொருட்பால் என்று எழுதத் தெரிந்த பிள்ளைக்கு இருட்புலம் கடினமாகாது.

வணக்கம் ஐயா.

'ஒளிர்' பற்றித் தாங்கள் சொன்னது சரி. அது எனக்குத் தோன்றவில்லை. நேற்று வகுப்பில் 'இருட்புலம்' என்று எழுதச் சொன்னேன். பதினொருவரில் இருவர் 'இருட்டுப்புலம்' என்று எழுதினார்கள். பேச்சுவழக்கு அப்படி இழுக்கிறது. 'பொருட்பால்' என்பதைப் பக்கத்தில் எழுதிக் காட்டியதும் திருத்திக்கொண்டார்கள். ஆகவே இருட்புல நுண்ணோக்கி, ஒளிப்புல நுண்ணோக்கி என்றே பயிற்சித்தாளில் அச்சிடுகிறேன். நடுவில் வைக்கும் அந்த வட்டத்திற்கு 'நடுமறைப்பு' என்று வைத்திருக்கிறேன். 'தடுப்பு' என்றால் எல்லா ஒளியையும் தடுப்பதுபோல் தோன்றுகிறது. மறுப்பிருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள் ஐயா, சனிக்கிழமை நகலெடுக்கக் கொடுக்க வேண்டும்.