பில்ட் ஆகுது, ஓடமாட்டன் எண்டுது: லைப்ரரி இணைச்ச அனுபவங்கள்

வெள்ளவத்தையிலிருந்து

புறக்கோட்டையில ஒரு மொத்தக் கடைக்கு பில் அடிக்கிற சொஃப்ட்வெயார் செய்தம். பில்லில மூண்டு மொழியும் வரவேணும். 'கொ'வுக்குக் கொம்பு முன்னுக்கும் கால் பின்னுக்கும் சரியா விழ ஹார்ஃப்பஸ் லைப்ரரி (லைப்ரரி எண்டால் வேற ஆக்கள் எழுதி வச்ச கோட் தொகுதி), எழுத்தைப் புள்ளிகளாக்க ஃப்ரீடைப். எழுதினது உபுண்டு லினக்ஸில. கடையில இருக்கிறது விண்டோஸ். முதலாளியின்ர மகனிட்ட மேக்புக், அதிலயும் ஓடவேணுமாம்.

உபுண்டுவில ஸ்டாட்டிக்கா, அதாவது லைப்ரரி கோடையும் ப்ரோக்ராமுக்குள்ளேயே சேர்த்து, இணைக்கவே விடிஞ்சு போச்சு. "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்" எண்டு, கேட்ட ஃபங்ஷன் கிடைக்கேல்லை எண்ட எரர் திரை நிறையக் கொட்டுது. ஃபைலும் இருக்கு, பாதையும் சரி. விசயம் என்னெண்டால், குனு லிங்கர் (துண்டு துண்டான கோடை ஒண்டாச் சேர்க்கிற ப்ரோக்ராம்) டாட் ஏ எண்டு முடியிற ஸ்டாட்டிக் லைப்ரரி ஃபைலுகளை இடமிருந்து வலமா ஒருக்காத்தான் பார்க்கும். அதுவரைக்கும் ஆராவது கேட்டு நிக்கிற ஃபங்ஷன் இருக்கிற துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு போயிடும், பிறகு கேட்டால் திரும்பி வராது. அதால கேக்கிறவர் முன்னால, குடுக்கிறவர் பின்னால. இந்த ரெண்டு பேருக்கும் அதுவும் சரிவராது. ஹார்ஃப்பஸ் ஃப்ரீடைப்பைக் கூப்பிடும். ஹார்ஃப்பஸ் சேர்த்துக் கட்டின ஃப்ரீடைப் எண்டால் அதின்ர ஆட்டோ ஹின்டர் (எழுத்து திரையில தெளிவா விழத் திருத்திற பகுதி) திருப்பி ஹார்ஃப்பஸைக் கூப்பிடும். மாமனும் மச்சானும் மாறி மாறிக் கடன் கேக்கிற கதை. ரெண்டையும் ஸ்டார்ட் குரூப், எண்ட் குரூப் ஆப்ஷனுகளுக்கு நடுவில போட்டம். லிங்கர் திரும்பத் திரும்பச் சுத்தித் தேடி முடிச்சுது.

கொட்டாஞ்சேனையிலிருந்து

விண்டோஸ் பக்கம் நான் சொல்கிறேன், எனக்குச் சோறு போடுவதே அதுதான். லைப்ரரியை இணைக்கக் கொடுக்கும் டாட் லிப் ஃபைல் இரண்டு ரகம். ஒன்றில் கோட் முழுக்க இருக்கும். மற்றதில் இந்த ஃபங்ஷன் இன்ன டிஎல்எல்லில் (ப்ரோக்ராம் ஓடும்போது ஏற்றப்படும் தனி லைப்ரரி ஃபைல்) இருக்கிறது என்ற தகவல் மட்டும். பெயரைப் பார்த்து எது எதென்று சொல்ல முடியாது. இரண்டாவதை இணைத்தாலும் பில்ட் ஆகிவிடும். கடை மெஷினில் திறக்கும்போதுதான் டிஎல்எல் காணவில்லை என்று பெட்டி வந்து நிற்கும்.

நெட்டில் அகப்பட்ட டிஎல்எல்லை இறக்கி சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் போடும் ஆட்கள் நம்மிடம் நிறைய. தயவுசெய்து வேண்டாம். ப்ரோக்ராம் இருக்கிற ஃபோல்டரைத்தான் விண்டோஸ் முதலில் பார்க்கும், எக்ஸி ஃபைலுக்குப் பக்கத்தில் வைத்தால் போதும். வைத்தும் சி000007பி என்று முடிகிற எரர் வந்தால், பெரும்பாலும் 64 பிட் ப்ரோக்ராமுக்கு 32 பிட் டிஎல்எல் கொடுத்திருப்பீர்கள். (64 பிட் விண்டோஸில் 64 பிட் டிஎல்எல்கள் கிடப்பது சிஸ்டம்32இல், 32 பிட் கிடப்பது சிஸ்வாவ்64இல். யாருடைய யோசனையோ!)

இன்னொன்று. டிஎல்எல் மலாக் பண்ணி (ஒதுக்கி)க் கொடுத்த மெமரியை எக்ஸிக்குள் ஃப்ரீ பண்ணுகிற (விடுவிக்கிற) கோட் லினக்ஸில் பேசாமல் ஓடும், ஏனென்றால் அங்கே இரண்டும் ஒரே சி லைப்ரரியைத்தான் பிடித்திருக்கும். விண்டோஸில் டிஎல்எல்லும் எக்ஸியும் வெவ்வேறு ரன்டைம்களோடு (விண்டோஸில் சி லைப்ரரிக்கு அந்தப் பெயர்) கட்டப்பட்டிருந்தால் ஆளுக்கொரு ஹீப், அதாவது தனித்தனி மெமரிக் கிடங்கு, அந்த இடத்திலேயே விழும். கொடுத்த லைப்ரரியே திருப்பி வாங்க ஒரு ஃபங்ஷன் வைத்திருக்கவேண்டும்.

தெஹிவளையிலிருந்து

மேக் எனக்கு வேற மாதிரி விளையாடிச்சு. அங்க டைலிப் (மேக்கின்ர டிஎல்எல் மாதிரி) ஃபைலுக்குள்ளேயே "நான் இருக்கிற இடம் இது" எண்டு ஒரு பாதை எழுதிக் கிடக்கும். இணைக்கேக்க அந்தப் பாதைதான் ஆப்புக்குள்ள போகும். என்ர எம்1 (ஆப்பிள் சிப்) மெஷினில ஹோம்ப்ரூ (லைப்ரரிகளை இறக்கித் தாற டூல்) போட்ட லைப்ரரி 'ஆப்ட்' ஃபோல்டருக்குள்ள; இன்டெல் மேக்கில 'யூஎஸ்ஆர் லோக்கல்'. ஹோம்ப்ரூவே இல்லாத ஆளின்ர மேக்கில ரெண்டும் இல்லை, "லைப்ரரி நாட் லோடட்". ஓட்டூல் கொமாண்டில பெரிய எல் போட்டுப் பார்த்தால் பாதை தெரியும். இன்ஸ்டால் நேம் டூலால அதை ஆர்பாத்துக்கு (லைப்ரரியை எங்க தேடுறதெண்டு ப்ரோக்ராமுக்குள்ளேயே எழுதி வைக்கிற பாதை) மாத்தி, லைப்ரரியை ஆப் பண்டிலுக்குள்ள வச்சன். உடன "கில்ட் 9" எண்டு செத்துது! ஃபைலைத் தொட்டதால அதின்ர டிஜிட்டல் கையெழுத்து உடைஞ்சிருக்கு, ஆப்பிள் சிப்பில அப்பிடி ஓட விடாது. கோட்சைன் பண்ணித் திரும்பப் போட எழும்பிச்சு.

ஒரு கேள்வி: லினக்ஸில எல்டி லைப்ரரி பாத் (எங்க தேடுறதெண்டு ப்ரோக்ராமுக்கு வெளியில இருந்து சொல்லுற செட்டிங்) வச்சுக் குடுத்தால் என்ன?

வெள்ளவத்தையிலிருந்து

சோதிச்சுப் பார்க்கப் பரவாயில்லை. வாடிக்கையாளருக்குக் குடுக்கேக்க ஆர்பாத்தில டாலர் ஒரிஜின் வையுங்கோ, ப்ரோக்ராம் தன்ர ஃபோல்டரிலயே தேடும். மேக்ஃபைலில (பில்ட் கட்டளைகள் இருக்கிற ஃபைல்) எழுதிறதெண்டால் டாலர் ரெண்டு போட்டு ஒற்றை மேற்கோளுக்குள்ள அடையுங்கோ. இல்லாட்டி அந்த ஃபைலை ஓட்டிற 'மேக்' டூலோ (ஆப்பிள் மேக் இல்லை) ஷெல்லோ அதைத் திண்டுடும், ஒரு எரரும் காட்டாது. ரீட்எல்ஃப் கொமாண்ட் போட்டு உள்ளுக்கு என்ன பதிஞ்சிருக்கெண்டு பார்த்திட்டு அனுப்புங்கோ.

ஜிலிப்சியை (லினக்ஸின்ர சி லைப்ரரி) மட்டும் கூடவே கட்டிக் குடுக்கப் பார்க்காதேங்கோ. உபுண்டு 22.04இல கட்டினதை 20.04இல போட்டால் "ஜிலிப்சி 2.34 இல்லை" எண்டும், அங்க இருக்கிறது 2.31. ஆகப் பழைய சிஸ்டம் எது ஆதரிக்கவேணுமோ அதில கட்டுங்கோ; புதுசில தானா ஓடும். நாங்கள் 20.04 சிஸ்டத்தைத் தனியாப் பொதி கட்டின டொக்கர் இமேஜ் ஒண்டை அதுக்கெண்டே வச்சிருக்கிறம்.