ரொம்போலா மான்: கொம்பு அந்தத் தலையில் முளைத்ததுதானா?

அளவுநாடா:
பழைய சண்டை மீண்டும் கிளம்பியிருப்பதால் தனி இழையாகத் தொடங்குகிறேன். 1998 நவம்பரில் மிச்சிகனின் ட்ராவர்ஸ் சிட்டி பக்கம் மிட்ச் ரொம்போலா ஒரு வெள்ளைவால் மானை வில்லால் வீழ்த்தினார். மாநில வேட்டைப் பதிவு அமைப்பின் அளவையாளர்கள் மூவர் கொம்புக்குக் கொடுத்த மதிப்பெண் (கொம்பின் நீளம், சுற்றளவு, அகலம் எல்லாம் வைத்து அங்குலத்தில் கணக்கிடுவது) 216 5/8. வழக்கமான வடிவக் கொம்புகளில் உலகச் சாதனையோ 1993இல் கனடாவின் சஸ்காச்சுவானில் மைலோ ஹான்சன் சுட்ட மானின் 213 5/8. சாதனையை மூன்று அங்குலம் தாண்டிய கொம்பை, வேட்டைச் சாதனைகளைப் பதிவுசெய்யும் பூன் அண்ட் க்ராக்கெட் கழகத்தின் பதிவுக்கு அவர் அனுப்பவே இல்லை. நான் நம்பவில்லை.

வில்லாளன்:
அனுப்பாதது அவர் விருப்பம். வேட்டைக்காரன் எல்லோரும் பட்டியலில் பெயர் வர வேண்டும் என்றுதான் காட்டுக்குப் போகிறானா? மூன்று பேர் கையில் எடுத்து அளந்திருக்கிறார்கள். நீங்கள் பார்த்தது புகைப்படம் மட்டும்.

அளவுநாடா:
அந்தப் புகைப்படத்தில் காதுகளைப் பாருங்கள் ஐயா. இரண்டும் தொங்குகின்றன. வேறு கொம்பைப் பொருத்துவதற்காகத் தலைத்தோலை அறுத்தால் காது அப்படித்தான் சரியும்.

பழைய தோட்டா:
செத்த மானின் காது தொங்காமல் விறைத்தா நிற்கும்? நான் இழுத்து வந்த மான்களில் பாதிக்கு அப்படித்தான். காதை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள், தம்பி. ஆனால் அந்தக் கொம்பு மேல் எனக்கும் சந்தேகம் உண்டு. காரணம் வேறு, பிறகு சொல்கிறேன்.

செவ்வந்தி:
கால்நடை மருத்துவம் படித்தவள் என்பதால் ஒன்று சொல்கிறேன். மான் கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து முளைக்கும் எலும்பு. மண்டையோட்டிலிருந்து எழும் குட்டையான தண்டின் மேல்தான் வளரும். உதிர்ந்த கொம்பையோ வேறு மானின் கொம்பையோ ஆணியடித்தோ பசை போட்டோ பொருத்தினால், வெளியே பூச்சு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் எக்ஸ்ரே படத்தில் இணைப்பு தெரிந்துவிடும். ஐந்து நிமிட வேலை.

இன்னொன்று: வடிவம் விசித்திரமாக இருக்கிறது என்பதற்காக எதையும் போலி என்று தள்ளிவிட முடியாது. விதையில் அடிபட்டு ஹார்மோன் குறைந்த ஆண் மானுக்குக் கொம்பின் மேல்தோல் உரியாமல் கள்ளிச்செடி போல முடிச்சு முடிச்சாக வளரும். பெண் மானுக்கும் அபூர்வமாகக் கொம்பு வரும். ரொம்போலா மானின் கொம்பில் அந்த விசித்திரம் எதுவும் இல்லை. வழக்கமான வடிவம்தான், அளவுதான் மிகப் பெரியது.

வில்லாளன்:
அளவு பெரியது என்பதும் ஒரு குற்றமா? ஜேம்ஸ் ஜோர்டானை நினைத்துப் பாருங்கள். 1914இல் விஸ்கான்சினில் டான்பரி அருகே மான் அடித்தார். பாடம் செய்யக் கொடுத்த தலை அவர் கைக்குத் திரும்பவே இல்லை. பல ஆண்டுகள் கழித்து மினசோட்டாவில் பழைய பொருள் விற்பனையில் யாரோ அதைச் சில டாலருக்கு வாங்கினார்கள். அளந்தால் 206 1/8, உலகச் சாதனை! சுட்டவர் பெயர் தெரியாது என்றுதான் முதலில் பதிவானது. ஜோர்டானின் மான் என்று கழகம் ஒப்புக்கொண்டது 1978இல், அவர் இறந்த பிறகு. அதுவரை அந்த மனிதர் சொன்னதை யார் நம்பினார்கள்?

அளவுநாடா:
இந்தக் கதை என் பக்கம்தான் பேசுகிறது. ஜோர்டான் விஷயத்தில் யார் சுட்டது என்பதுதான் கேள்வி. கொம்பு எல்லோர் கண்முன்னும் இருந்தது, யார் வேண்டுமானாலும் அளக்கலாம். இங்கே ஆள் இருக்கிறார், கொம்பைத்தான் காணோம். பசும்பொன் என்று சொல்லிவிட்டு உரைகல்லில் மட்டும் வைக்கவிடாதவரிடம் நீங்கள் நகை வாங்குவீர்களா?

வில்லாளன்:
அவர் விற்கவே வரவில்லையே! தன் மானை உலகச் சாதனை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன் என ஹான்சன் தரப்புடன் எழுத்தில் ஒப்பந்தமே போட்டிருக்கிறார். சாதனைத் தலைக்கு நகல் வார்ப்பு, விளம்பரம், கண்காட்சி என்று எவ்வளவு பணம் புரளும் என்பது உங்களுக்குத் தெரியாதா? ஏமாற்ற நினைத்தவன் அந்தப் பணத்தை விட்டுவிட்டு ஒதுங்குவானா?

பழைய தோட்டா:
என் காரணத்தைச் சொல்கிறேன். கழகத்தின் விதிப்படி கொம்பு அறுபது நாள் உலர வேண்டும். சாதனைக்கு நெருங்கிய தலை என்றால் நடுவர் குழு திரும்பவும் அளக்கும். மண்டையோடு பிளந்திருந்தால் பதிவே கிடையாது, ஏனென்றால் பிளந்த மண்டையோட்டை விரித்துவைத்து இரு கொம்புக்கும் இடையிலுள்ள அகலத்தை வேண்டிய மட்டும் கூட்டிக்கொள்ளலாம். வேறு கொம்பே தேவையில்லை, சொந்தக் கொம்பிலேயே மதிப்பெண் ஏறிவிடும். என் சந்தேகம் ஒட்டுவேலையில் இல்லை, இந்த அகலத்தில்தான். இது நடந்தது என்று நான் சொல்லவில்லை. நடக்கவில்லை என்று காட்டும் சோதனைக்கு அந்தத் தலை போகவில்லை, அவ்வளவுதான்.

செவ்வந்தி:
அகலத்தைக் கூட்டினால் ஓட்டின் நடுவே விரிசல் இருக்கும். அதையும் எக்ஸ்ரே காட்டும்.

வில்லாளன்:
சரி அம்மா, எக்ஸ்ரே எடுக்கட்டும். ஆனால் எடுக்காத வரை "நிரூபிக்கப்படாதது" என்று எழுதுங்கள், "போலி" என்று எழுதாதீர்கள்.

அளவுநாடா:
நான் எழுதியது "நம்பவில்லை". மேலே போய்ப் படியுங்கள்.