ஹக்கிள்பெரி ஃபின் முடிவைப் பற்றி உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. அமெரிக்க நாவல்களில் சிறுவர்கள் வளர்ந்து ஆளாவதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன், மார்க் ட்வைனின் ஹக்கிள்பெரி ஃபின்னில் வந்து நிற்கிறது.

31ஆம் அத்தியாயத்தில், தப்பி வந்த கறுப்பின அடிமை ஜிம் இருக்கும் இடத்தைச் சொல்லி அவருடைய எஜமானிக்குத் தானே எழுதிய கடிதத்தை, கதையைச் சொல்லும் வெள்ளைக்காரச் சிறுவன் ஹக் கிழித்துப் போடுகிறான். அடிமை தப்பிக்க உதவுவது பாவம் என்று கேட்டு வளர்ந்தவன், இதற்காக நரகத்துக்குத்தான் போவோம் என்று முழுதாக நம்பிக்கொண்டே கிழிக்கிறான்! அவன் ஆளாகிற இடம் அதுதான் என்று எனக்குப் படுகிறது. ஆனால் அப்புறம் அவனுடைய நண்பன் டாம் சாயர் வந்துவிடுகிறான். ஜிம்முக்கு ஏற்கெனவே விடுதலை கிடைத்துவிட்டது தெரிந்தும் அதைச் சொல்லாமல், சாகசக் கதைகளில் வருகிற மாதிரி அவரைத் தப்பிக்க வைக்கிறேன் என்று வாரக்கணக்கில் பாடாய்ப் படுத்துகிறான், ஹக்கும் முணுமுணுத்துக்கொண்டே கூடப் போகிறான். ஜிம்மைப் பிடித்துக்கொண்டு போவதோடு வாசிப்பை நிறுத்திவிட வேண்டும், மிச்சமெல்லாம் ஏமாற்று என்று நாவலாசிரியர் ஹெமிங்வே 1935இல் எழுதினார். எனக்கு அவ்வளவு சுலபமாக ஒதுக்க மனம் வரவில்லை.

ஹக் திரும்பவும் சின்னப் பையனாகிவிட்டான் என்று எடுத்துக்கொள்வதா? இல்லை, அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமை முறை ஒழிந்து, தான் நாவலை வெளியிடும்போது இருபது வருடம் ஆகியும் கறுப்பின மக்களின் விடுதலை பெயரளவில் இருந்ததைத்தான் ட்வைன் காட்டுகிறாரா? இதைப் பற்றி நல்ல கட்டுரை, முக்கியமாகக் கறுப்பின விமர்சகர்கள் எழுதியது, தெரிந்தால் சொல்லுங்கள். கறுப்பின எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட்டின் சுயசரிதை 'பிளாக் பாய்' (1945) படித்தவர்கள் இருக்கிறீர்களா? நூலகத்தில் புத்தகம் எடுக்கவே ஒரு வெள்ளைக்காரரின் அட்டையை வாங்கிப் போக வேண்டியிருந்தவரின் இளமைக்காலத்தை ஹக்கின் பக்கத்தில் வைத்துப் பேசலாமா?